மோட்டார்ப் பெட்டி சிரித்த காலம்

வேலையிலிருந்து ரிட்டயர்டு ஆனவர்கள்தான் இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு இருபத்தைந்துதான் ஆகிறது. ஆனாலும் அடுத்த வாரம் நான் திருப்பாதிரிப்புலியூர் கடையின் மேசையை விட்டு எழுந்து, சிதம்பரத்தில் திறக்கிற புதுக் கடைக்குப் போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருத்தர் என் ஸ்டூலில் உட்காரப் போகிறீர்கள். அதற்கு ஒரு கால் குட்டை. அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன், பெருக்கும்போது எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வந்த அன்றைக்கே நீங்கள் இரண்டு குறை கண்டுபிடித்தீர்கள். நம் பெட்டி பெண்களைக்கூட "மாமா" என்று கூப்பிடுகிறது என்பது ஒன்று. "மோட்டாரு ஓடுது" என்று சொன்ன பிறகு பாதி விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அதை வெட்டிவிடலாமா என்பது இன்னொன்று. வெட்டலாம். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆனவள், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டியை ஆரம்பித்தது என் அண்ணன். வயல் மோட்டாரோடு இதைக் கட்டிவிட்டால், வீட்டில் இருந்தபடியே போனில் கூப்பிட்டு மோட்டாரைப் போடலாம். மறுபடி கூப்பிட்டால் நின்றுவிடும். பெட்டியே வாயைத் திறந்து பதில் சொல்லும். அந்த வாய் அண்ணனுடையது. எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் பதிவு செய்தோம், மற்ற இடமெல்லாம் பஸ் ஹாரன். அவன் பேசினான், நான் பட்டனை அழுத்தினேன். மூன்றே வாக்கியம். "வணக்கம் மாமா, மோட்டாரு ஓடுது." "மோட்டாரு நின்னுடுச்சி மாமா." "கரண்ட் இல்ல மாமா."

முதல் வாக்கியத்தை அவன் முடிக்கவும் அடுப்பில் இருந்த குக்கர் விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரித்தால் முதலில் சத்தமே வராது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி புஸ் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்து, அப்புறம் ஒரேயடியாக வெடிக்கும். அத்தனையும் பதிவாகிவிட்டது.

"அழிச்சிட்டு மறுபடி எடுக்கலாம்ணா," என்றேன்.

"இருக்கட்டும் பாப்பா. கரண்ட் எப்ப வரும்னு முழிச்சிக்கிட்டு கெடக்குற மனுசன் ஒரு சிரிப்பாவது கேக்கட்டும்."

அந்தச் சிரிப்புதான் எங்கள் பெட்டியை விற்றது. வயலில் பாதி நேரம் சிக்னல் கொழகொழவென்று இருக்கும், பேச்சு புரியாது. ஆனால் சிரிப்பு புரியும். "சிரிச்சா ஓடுது, சிரிக்கலன்னா ஓடல" என்று ஊர்க்காரர்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். சிலர் பெட்டிக்குப் பதிலும் சொல்வார்கள். "சரி தம்பி, நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார்கள்.

"மாமா" விஷயத்தில் முதல் புகார் அண்ணாகிராமத்திலிருந்து வந்தது. அங்கே தனகோட்டி என்று ஒரு மாமா, பலாவும் முந்திரியும் வைத்திருக்கிறார். அவர் சம்சாரம் அஞ்சலை அத்தை. நானும் அண்ணனும் பெட்டியை மாட்டிவிட்டு அத்தையிடம் போனைக் கொடுத்தோம்.

"என்னா தம்பி, என்னப் போயி மாமாங்குது?"

"உங்களுக்குன்னு தனியா பேசி வெச்சா சிப்புல எடம் பத்தாது அத்த. மாமாவையே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"கல்யாணம் ஆனதுலேருந்து அதத்தானடா பண்ணிக்கிட்டு இருக்கேன்," என்றார் அத்தை. தனகோட்டி மாமா மோட்டார்க் கொட்டகைக்குள் எதையோ தேடப் போய்விட்டார்.

சிப்பில் இடம் என்பது நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. இன்னும் ஒருத்தர் ஏறலாம், இன்னும் ஒருத்தர் ஏறலாம் என்று ஏற்றிக்கொண்டே இருப்போம். ஒரு நேரம் வரும், யாராவது இறங்கினால்தான் அடுத்த ஆள் ஏற முடியும். நாம் போடுவது சின்ன சிப். அதில்தான் புரோகிராமும் ஏற வேண்டும், குரலும் ஏற வேண்டும். குரல் குண்டு ஆள், மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும்.

அப்போதுதான் ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்தாள். உங்களுக்கு அவள் மேடம், எனக்கு ஜெசி. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து இறங்குவாள். சேர்ந்த புதிதிலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கெணத்துல தண்ணி இல்லாம மோட்டாரு ஓடுனா என்னா ஆவும்?"

"சூடேறும். அப்டியே உட்டா மோட்டாரு காயிலு எரிஞ்சிடும்."

"நம்ம பொட்டி நிறுத்தாதா?"

"நிறுத்தாது."

"ஏன்?"

"அந்த புரோகிராம ஏத்த எடம் இல்லம்மா."

"சிரிக்க மட்டும் எடம் இருக்கு."

அண்ணன் தலையைச் சொறிந்தான். "அடுத்த லாட்டு பொட்டிங்கள்ல வெச்சிடலாம் ஜெசி. கண்டிப்பா."

அடுத்த லாட்டுக்கு அண்ணன் இல்லை. சிதம்பரம் பக்கம் பெட்டி மாட்டப் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் எனக்கு எழுத வராது.

கடையை மூடிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கீரப்பாளையத்து நெல்லுக்காரர்கள் சேர்ந்து கேட்டிருந்த பெட்டிகள் பாக்கி இருந்தன. நடவுக்குள் கொடுத்தாக வேண்டும். ஜெசி என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த லாட்டுல தண்ணி பாக்குற புரோகிராம் ஏறுது" என்றாள். தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் இழுக்கிற கரண்ட் குறையும். அதை அளக்கிற கருவி பெட்டிக்குள் முதலிலிருந்தே இருக்கிறது, அளந்து பார்த்து நிறுத்துகிற மூளைதான் இல்லை. அந்த மூளையை அவள் எழுதி முடித்தாள். சிப்பில் ஏற்றினோம். ஏறவில்லை.

இடம் பிடிக்க நாங்கள் செய்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். புரோகிராமில் தேவையில்லாதது எல்லாவற்றையும் பிடுங்கினோம். பத்தவில்லை. "வணக்கம்" முன்பக்கத்தைக் கொஞ்சம் கிள்ளினோம், பெட்டி "க்கம் மாமா" என்று ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி ஆரம்பித்தது. குரலை இன்னும் நசுக்கினோம், அண்ணன் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசினான். வேகத்தைக் கூட்டினோம், அண்ணன் பால்வாடிப் பிள்ளை ஆகிவிட்டான். "மோட்டாரு ஓடுது" என்று அந்தப் பிள்ளைக் குரல் சொன்னதும் ஜெசி மேசையில் கவிழ்ந்துவிட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். துக்க வீட்டுப் பெண் இப்படிச் சிரித்தால் யார்தான் என்ன கேட்பார்கள்?

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெசி சொன்னாள். "கௌசி. சிரிப்ப எடுத்தா சரியா ஏறிடும்."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப மோட்டாரு எரியட்டுமா?"

"ரெண்டு புரோகிராம் வெச்சிக்கலாம். எல்லாத்துக்கும் சிரிப்பு வெச்சது குடுப்போம். தண்ணி பாக்குறது வேணும்னு யாரு கேக்குறாங்களோ, அவுங்களுக்கு மட்டும் அத ஏத்திக் குடுப்போம்."

"யாரு கேப்பாங்க?"

"வெவரம் தெரிஞ்சவங்க கேப்பாங்க."

"வெவரம் தெரியாதவங்களுக்குத்தான்டி அது வேணும்! அவுங்க கேக்க மாட்டாங்க. நம்ம என்னா குடுக்குறமோ அதோடதான் காலத்துக்கும் இருப்பாங்க. நீ வாங்குன போன்ல எத்தினி செட்டிங்ஸ மாத்தியிருக்க, சொல்லு?"

என் போனில் இன்றைக்கும் வாங்கும்போது இருந்த ரிங்டோன்தான். அவள் கோபமாக டீ வாங்கப் போனாள்.

எனக்கு அண்ணன் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. லேப்டாப்பிலேயே கேட்கலாமே என்பீர்கள். லேப்டாப்பில் கேட்டால் அது ஃபைல். போனில் கேட்டால் ரிங் போகும், எடுப்பான், பேசுவான். மேசையில் இருந்த பெட்டிகளையெல்லாம் அழித்து அழித்துப் பால்வாடிப் பிள்ளை ஆக்கி வைத்திருந்தோம். அதனால் கடைப் போனை எடுத்து, பெட்டி நம்பர்கள் வரிசையில் மேலாக இருந்த ஒன்றை அழுத்தினேன். அண்ணாகிராமம் தனகோட்டி.

ரிங் போனது. எடுத்தான். "வணக்கம் மாமா, மோட்டாரு ஓடுது." குக்கர் விசில். புஸ் புஸ் புஸ். அப்புறம் வெடித்தான். நானும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் முடிந்து லைன் கட்டான பிறகுதான் உறைத்தது. ஓடுது என்றால், ஓடுகிறது!

நான் கூப்பிட்டதே மோட்டாரைப் போட்டுவிட்டது. எல்லாப் பெட்டியிலும் கடை நம்பரை உத்தரவு போடுகிற நம்பராக அண்ணன் பதிந்தே அனுப்பியிருந்தான். ரிப்பேர் நேரத்தில் உதவும் என்று நினைத்தான். அதை யாரும் மாற்றவில்லை. மாற்றலாம் என்றே யாருக்கும் தெரியாது.

தனகோட்டி மாமா கிணறு கோடையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் கொடுக்கும். மறுபடி பெட்டியைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாமாவைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். அத்தை நம்பர் கடையில் இல்லை. ஜெசி டீயோடு உள்ளே வந்தாள்.

"என்னாடி மூஞ்சி இப்டி இருக்கு?"

"ஓடுது."

"எது?"

"தனகோட்டி மாமா மோட்டாரு."

"யாரு போட்டா?"

"அண்ணன்."

அவள் டீயை மேசையில் வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த மாதிரி ஒருத்தி பக்கத்து ஸ்டூலில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பண்ருட்டி ரோட்டில் அவள் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து விடாமல் பெட்டி நம்பரை அழுத்திக்கொண்டே வந்தேன். நெல்லிக்குப்பம் தாண்டும்போது திடீரென்று ரிங் போக ஆரம்பித்தது. "போவுது போவுது!" என்று கத்தினேன். ஜெசி பிரேக் போட்டதில் நான் அவள் முதுகில் முட்டிக்கொண்டேன்.

"கட் பண்ணுடி! கட் பண்ணு!"

எடுப்பதற்குள் கட் செய்துவிட்டேன். "ஏன்?"

"ஒருவேள யாராவது போயி நிறுத்தியிருந்தா? நீ கூப்ட்டா மறுபடி ஓடுமே! திரும்ப நிறுத்துறதுக்குள்ள சிக்னல் போயிட்டா?"

அவள் சொன்னது சரி. ஒரு தரம் கூப்பிட்டால் ஓடும், மறு தரம் கூப்பிட்டால் நிற்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதவளுக்கு அந்தப் பெட்டியில் வழியே இல்லை. நாங்களே செய்த பெட்டி. ரோட்டு ஓரத்தில் நின்று இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. கரும்பு லாரிக்காரர் ஹாரன் அடித்து ஓரம் கட்டச் சொல்கிற வரைக்கும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று நான் பார்க்கவில்லை.

அண்ணாகிராமத்தில் மோட்டார்க் கொட்டகை வாசலில் அஞ்சலை அத்தை கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபியூஸ் மாட்டுகிற பீஸ் கட்டைகள். மோட்டார் நின்றிருந்தது. கை வைத்துப் பார்த்தேன், தோசை ஊற்றலாம் போலச் சுட்டது. ஆனால் கருகின வாடை இல்லை.

"வாங்கடி, வாங்க," என்றார் அத்தை. "ஊட்டுக்காரரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு. நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டு இருக்கேன், என் போனு அடிக்கிது. எடுத்தா தம்பி மாமாங்கிறான், சிரிக்கிறான். சிரிச்சா ஓடுதுன்னு அர்த்தம். காலையிலயே கெணத்த எறச்சாச்சி, நாம யாரும் போடலியே, எப்டிடா ஓடும்னு வந்து பாத்தா கொழா காத்த இழுத்துக்கிட்டு இருமுது. பீச புடுங்கி மடில வெச்சிக்கிட்டேன்."

யார் மோட்டாரைப் போட்டாலும் வீட்டுக்காரர்கள் போனுக்குப் பெட்டி தகவல் சொல்லும். அதுவும் அண்ணன் வைத்ததுதான். நான் அத்தை பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி வர்லியா?" என்றார் அத்தை.

ஜெசி என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன். எங்கே, எப்படி என்று நடந்ததைச் சொன்னேன். இன்றைக்கு நான் எதற்குக் கூப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அத்தை பீஸ் கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப இப்ப சிரிச்சது யாரு?"

"அதுவும் அண்ணன்தான் அத்த."

பிறகு அத்தை மோட்டாரைக் கையால் தட்டினார். "நல்லவேள, தாயி. இது எரிஞ்சிருந்திச்சின்னு வெய்யி, வெவரம் தெரியாம அந்த சிரிப்ப நான் சாவுற வரைக்கும் திட்டிக்கிட்டே கெடந்திருப்பேன்."

அதற்குப் பிறகு பலாச்சுளை கொடுத்தார், தின்றோம். விரலெல்லாம் பிசுக்கு. திரும்பி வருகிற வழியில் நான்தான் பேச்சை எடுத்தேன். கீரப்பாளையத்தில் எத்தனை வீடு, எத்தனை மோட்டார். ஒரு மோட்டார் எரிந்தாலும் அந்த வீட்டில் சிரிப்பைத்தான் திட்டுவார்கள். "எடுத்துடலாம் ஜெசி."

கடைக்கு வந்து ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எடுத்தோம். அவள் மவுஸை என் கையில் கொடுத்துவிட்டாள். சிரிப்பு ஆரம்பிக்கிற இடத்தில் வெட்டினேன். அந்த இடம் குக்கர் விசிலின் பாதியில் வந்தது. நீங்கள் கேட்ட பாதி விசில் அதுதான்.

தண்ணி பார்க்கிற புரோகிராம் ஏறியது. கொஞ்சூண்டு இடம் மிச்சமும் இருந்தது. அப்போதுதான் அடுத்த வம்பு. தண்ணீர் இல்லை என்று மோட்டாரை நிறுத்திவிட்டு பெட்டி வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே, யார் சொல்வது? "தண்ணி" என்ற வார்த்தையை அண்ணன் பேசவே இல்லை. முழு வாக்கியத்தையும் புதிதாகப் பேசி வைக்க இடமும் இல்லை.

ஜெசி லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "கரண்ட் இல்ல மாமா. இதுல 'இல்ல மாமா'வ தனியா வெட்டிக்கலாம். அது ஏற்கெனவே உள்ளதான் இருக்கு, எடமே வேணாம். முன்னாடி 'தண்ணி' மட்டும் நீ சொல்லு."

அதே சமையலறை. இந்த முறை குக்கரை இறக்கி வைத்துவிட்டோம். ஜெசி பட்டனை அழுத்தினாள். நான் "தண்ணி" என்றேன். குரல் இழுத்துக்கொண்டு போய் உடைந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி உடைந்தது.

"அழுவாதடி," என்றாள் ஜெசி, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அழுதா நீளமாவுது. எடம் இல்ல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அது அடங்குவதற்குள் டக்கென்று ஒரு "தண்ணி" சொன்னேன். அதுதான் இன்றைக்கும் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. காதை வைத்துக் கேட்டால் கடைசியில் லேசாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும். அது தொழில் சுத்தமில்லைதான்.

முதல் பெட்டியை அஞ்சலை அத்தைக்குத்தான் மாற்றினோம். வேண்டுமென்றே கிணறு வற்றுகிற வரைக்கும் ஓட விட்டோம். குழாய் ஒரு தரம் இருமியது, மறு தரம் இருமுவதற்குள் மோட்டார் தானாக நின்றது. அத்தை போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். "தண்ணி" என்றேன் நான். "இல்ல மாமா" என்றான் அண்ணன்.

அத்தை என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "சிரிப்பு எங்க?"

"எடம் இல்ல அத்த."

"பரவால்ல. தண்ணி இல்லன்னு சொல்லிட்டு சிரிச்சிருந்தான்னா, வந்து ஒதச்சிருப்பேன்."

இனி உங்களுக்கு. புதுப் பெட்டி முதலில் யார் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் கீழ்ப்படியும், கடைக்குக்கூடக் கீழ்ப்படியாது. ஓடச் சொல்வதும் நிற்கச் சொல்வதும் இப்போது வேறு வேறு பட்டன். தண்ணி பார்ப்பது பெட்டி பிறக்கும்போதே ஆன். வேண்டாம் என்கிறவர் தேடிப் போய் ஆஃப் பண்ணிக்கொள்ளட்டும். ஆனில் வைக்கவும் ஆஃபில் வைக்கவும் சிப்பில் இடம் ஒன்றேதான். நாம் யாரை நினைத்து வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். நாளைக்கு உங்களுக்கும் இடம் பத்தாது. அப்போது எதை இறக்கிவிட்டால் கடைக்காரருக்கு வலிக்கும் என்று பார்க்காதீர்கள். எதை இறக்கிவிட்டால், கேட்கத் தெரியாதவர் வீட்டில் மோட்டார் எரியும் என்று பாருங்கள்.

பாதி விசிலை வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. பெரிய சிப் வாங்கினால் முதல் வேலையாக அத்தைக்கு ஒரு "அத்த" பேசி வையுங்கள், ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார். ஆனால் "இல்ல மாமா"வை மட்டும் யாரும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டாம். "கரண்ட்" அண்ணன் சொல்கிறான், "தண்ணி" நான் சொல்கிறேன், மோட்டாருக்கு வருகிற மூன்று கரண்ட் லைனில் ஒன்று போய்விட்டால் "ஒரு லைன்" என்று ஜெசி சொல்கிறாள். மூன்றையும் முடித்து வைப்பது அந்த ஒரே துண்டுதான்.

யாராவது ஏன் என்று கேட்டால் மெமரி மிச்சம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.